பதினேழு புள்ளி முன்னேற்றம்

துயரமுற்ற ஒருவன் முதலாவதாகச் செய்யத் தக்கது, தன் துயரம் எத்தனை புள்ளி என்று தெரிந்துகொள்வதே. எஞ்சியவை யாவும் அதன்பின் தாமாகவே நடக்கும் என்பது மனநிலை அளவீட்டு ஆலோசனை மையத்தின் அசைக்க முடியாத கொள்கை. மையத்தின் வாயிற்சுவரில், 'அளக்க இயலாத துயரம் இல்லை' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அதன் கீழே சற்றுச் சிறிய எழுத்தில், 'பென்சில் உடன் கொண்டுவருக' என்று இருந்தது.

இவ்விரு வாசகங்களையும் எடைமேடைக்காரர் ஒரே மூச்சில் படித்தார். பென்சில் கொண்டுவராததைப் பற்றி மட்டும் கவலை கொண்டார்.

அவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் இரும்பாலையின் வாயிலில் லாரிகளை எடை போட்டு வந்தவர். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரி முதலில் மேடைமீது ஏறும், ஓர் எடை. உள்ளே சென்று இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி மறுபடி ஏறும், இன்னோர் எடை. இரண்டிற்கும் உள்ள வேறுபாடே லோடு. இதனினும் சிக்கலான தத்துவம் எதுவும் அவருக்குத் தெரியாது; தேவைப்பட்டதும் இல்லை. கண்ணாடிச் சன்னல் வைத்த சிற்றறையில் அவர் அமர்ந்திருப்பார். எதிரே இரண்டு பொத்தான்கள் இருக்கும். சிவப்பை அழுத்தினால் வெளியே சிவப்பு விளக்கு எரியும், லாரி நிற்கும். பச்சையை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், லாரி நகரும்.

வெளியே நின்று ஓட்டுநர்களுக்குக் கைகாட்டி வண்டியை மேடையின் நடுவில் நிறுத்தச் செய்பவர் ஒருவர் இருந்தார். 'நிதானமா வா, நிதானமா வா' என்று நாளெல்லாம் கூவியதால் அவருக்கு நிதானம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மேடைக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடுக்கில் இரும்புத் துண்டு சிக்கினால் எடை பிசகும். ஆகவே அவ்வப்போது குனிந்து அதைக் குத்தி எடுப்பதும் நிதானத்தின் வேலை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒருநாள் பதினொரு லாரிகள் வரிசையில் நின்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தபோது, நிதானம் ஒரு லாரியின் பின்புறம் குனிந்திருந்தார். எடைமேடைக்காரர் பச்சையை அழுத்தினார். ஓட்டுநர் தடையை விடுவித்தார். லாரி முன்னே போகும் முன் ஒரு முழம் பின்னே உருண்டது.

விசாரணை இரண்டு நாளில் முடிந்தது. 'பிரேக் கோளாறு' என்று எழுதினார்கள். விளக்கைப் பற்றி ஒருவரும் வினவவில்லை. எடைமேடைக்காரரிடம், 'பிரேக்தானே?' என்றார்கள். அவரும், 'பிரேக்தான்' என்றார். பிணத்தருகே நிதானத்தின் மனைவி, 'என்ன அண்ணே நடந்துச்சு?' என்று கேட்டபோதும், 'பிரேக்கும்மா' என்றார். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அவர் கை பச்சைப் பொத்தான்மேல் போகவில்லை. சிவப்பை அழுத்தியது, எழுதியது, கண்ணாடியைத் துடைத்தது, பச்சையின் மேல் மட்டும் போக மறுத்தது. லாரிகளின் வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டது. மேலாளர் வந்தார்.

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான். மையத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. ஆறு அமர்வு. அது இல்லாம இந்த ரூம் பக்கம் வராதீங்க. வேற ஆள் போட வேண்டியிருக்கும், சொல்லிட்டேன்."

வீட்டில் அவர் மனைவிக்கு இச்செய்தி ஆறுதலாகவே இருந்தது. "எங்கிட்டதான் வாயே திறக்க மாட்டேங்கறீங்க. ரெண்டு மாசமா சுவத்தோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு. அங்கயாச்சும் போய்ப் பேசுங்க. கேக்கறதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்களாம்."

ஆகவே அவர் ஒரு வாக்கியத்தை ஆயத்தம் செய்துகொண்டு புறப்பட்டார். 'பச்சையை நான்தான் போட்டேன்.' பேருந்தில் அதைப் பலமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

ஆலோசகர் அம்மையாரின் அறை மிகத் தூய்மையானது. எதிரெதிரே இரு மெத்தை நாற்காலிகள். கடையிலிருந்து வந்த நெகிழி உறை இன்னும் கழற்றப்படவில்லை. நடுவே கண்ணீர் துடைக்கும் மென்தாள் பெட்டி ஒன்று. அதன் வாய்மீது இருப்பு எண் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. சீட்டைக் கிழிக்காமல் தாள் எடுக்க வழியில்லை. சீட்டைக் கிழித்தால் ஆண்டுத் தணிக்கையில் விளக்கம் எழுத வேண்டும். ஆதலால் அம்மையம் தொடங்கிய நாள்தொட்டு அப்பெட்டி நிறைகுடமாகவே விளங்கிற்று.

"உக்காருங்க சார். பென்சில் இருக்கா?"

"இல்ல மேடம். மேடம், நான் ஒண்ணு சொல்லணும்..."

"சொல்லலாம் சார், தாராளமா சொல்லலாம். அதுக்குத்தானே இருக்கோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அளவுகோல். இருபத்தொரு கேள்விதான்."

அது பொதுத் துயர அளவுகோல் எனப்படும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். 'கடந்த இரண்டு வாரங்களில் நான் வருத்தமாக இருந்தேன்: ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், சில நாள் என்றால் ஒன்று, பெரும்பாலான நாள் என்றால் இரண்டு, நாள்தோறும் என்றால் மூன்று.'

எடைமேடைக்காரர் தொழில்முறையில் ஓர் ஐயம் எழுப்பினார். "மேடம், இதுல ரெண்டு வாரம்னு போட்டிருக்கு. எனக்கு நடந்தது ரெண்டு மாசம் முன்னாடி."

"ரெண்டு மாசத்துக்கு வேற படிவம் சார். அது இருப்புல இல்ல. நீங்க இந்த ரெண்டு வாரத்துல எவ்வளவு வருத்தப்பட்டீங்களோ அதை மட்டும் போடுங்க. பழசையெல்லாம் கலக்காதீங்க."

அம்மையார் கொடுத்த பென்சிலால் அவர் கலக்காமல் போட்டார். பதினேழாம் கேள்வியில், 'என்னைச் சார்ந்தவர்களுக்கு நான் தீங்கு இழைத்துவிட்டேன் எனத் தோன்றுகிறது' என்றிருந்தது. பென்சில் அங்கே நின்றது. பிறகு அவர் தோள்கள் குலுங்கின.

அம்மையார் மணியைப் பார்த்தார். "சார், சார், கொஞ்சம் பொறுங்க. பத்தாவது கேள்வி அழுகை. அதுல ஒண்ணு போட்டிருக்கீங்க. இப்ப அழுதா அது ரெண்டாகணும். அழிச்சு எழுதினா தாள் செல்லாது."

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"பரவால்ல. இன்னும் அஞ்சு கேள்விதான். முடிச்சிட்டு அழுங்க. அப்ப கணக்குல வராது."

எடைமேடைக்காரர் எஞ்சிய ஐந்து கேள்விகளையும் அழாமல் முடித்தார். முடித்த பிறகு அழுகை வரவில்லை. அம்மையார் கூட்டிப் பார்த்து, பிறந்த குழந்தையின் எடையை அறிவிக்கும் செவிலியின் முகமலர்ச்சியோடு, "முப்பத்தொண்ணு!" என்றார். "நல்ல தெளிவான துயரம் சார் உங்களுது. சில பேருக்கு எல்லைக்கோட்டுல வந்து உயிரை வாங்கும்."

"இப்ப சொல்லலாமா மேடம்?"

"நேரமாயிடுச்சே சார். அடுத்த வாரம்."

வெளியே காத்திருப்புக் கூடத்தில் ஒரு தையற்கார அம்மாள் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாண்டுகளாக அம்மையத்துக்கு வருபவர். அங்கே பணிபுரிவோர் பலருக்கும் மூத்தவர். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு."

"அடப் பாவமே. புதுசுல எல்லாரும் இப்படித்தான் உண்மையைப் போட்டு மாட்டிக்குவாங்க. முப்பத்தஞ்சு தாண்டினா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவாங்க. அங்க இதே தாளைக் கலர்ல குடுப்பாங்க. பத்துக்குக் கீழ போனா, 'உனக்கு என்னம்மா குறை, வீட்டுக்குப் போ'ன்னு கோப்பை மூடிருவாங்க. நான் பாருங்க, மூணு வருஷமா பத்தொன்பதுலயே நிக்கறேன். ஒரு புள்ளி ஏறினதில்ல, இறங்கினதில்ல."

"அவ்வளவு நாளாவா மாறாம இருக்கு?"

"மனசு எங்கண்ணே மாறாம இருக்கும்? கைதான் பழகிடுச்சு. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, நடுவுல ரெண்டே ரெண்டு பூஜ்யம்னு ஓட்டுத்தையல் மாதிரி போட்டுக்கிட்டே போகணும்."

எடைமேடைக்காரர் அவருக்கு அருகில் இருந்த நாற்காலியில் அமர்ந்தார். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? எங்க ஆலையில..."

"ஐயையோ, வேணாம் அண்ணே!" தையற்காரர் கையிலிருந்த சட்டையைத் தம் காதுகளின்மேல் போட்டுக்கொண்டார். "அடுத்தவங்க கதையைக் கேட்டா எனக்கு மூணு புள்ளி ஏறிடும். அப்புறம் இருபத்திரண்டுக்கு நான் எங்க போய்ப் பதில் சொல்றது?"

இரண்டாம் அமர்வில் வாய்மை அளவுகோல் கொடுக்கப்பட்டது. முதல் அமர்வில் அவர் கூறியவை மெய்யா பொய்யா என்று கண்டறியும் கருவி அது. அதன் முதற்கேள்வியே, 'நான் வாழ்நாளில் ஒரு பொய்யும் சொன்னதில்லை' என்பது. எடைமேடைக்காரர் 'தவறு' என்னும் கட்டத்தில் குறியிட்டார். 'நான் செய்த பிழையை எப்போதும் ஒப்புக்கொள்வேன்' என்பதற்கும் 'தவறு' என்றே குறியிட்டார். அம்மையாரின் முகம் கணத்துக்குக் கணம் ஒளி பெற்றது.

"பிரமாதம் சார்! பொய் சொன்னதே இல்லைன்னு போடறவங்கதான் பொய் சொல்றாங்க. நீங்க பொய் சொன்னேன்னு போட்டிருக்கீங்க. அதனால நீங்க உண்மையானவர். உங்க முப்பத்தொண்ணு செல்லும்."

"சொன்னேன் மேடம். விசாரணையில ஒரு பொய் சொன்னேன். நிதானத்தோட வீட்டுக்காரம்மாகிட்டயும் அதையே..."

"அதான் போட்டுட்டீங்களே."

"என்ன பொய்னு நீங்க கேக்கலையே?"

"கேட்டா அது வேற சோதனை ஆயிடும் சார்." அவர் தாளை உறையிலிட்டு நாவால் ஈரப்படுத்தி ஒட்டினார். "உண்மையானவர்னு முடிவு வந்தப்புறம் நாம நோண்டக் கூடாது."

மூன்றாம் அமர்வு மைக்கறைப் படங்களுக்கு உரியது. தாளில் மையைக் கொட்டி மடித்து விரித்தாற்போன்ற பத்து அட்டைகள். என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும்.

"லாரி," என்றார் எடைமேடைக்காரர்.

"இதுல?"

"லாரிதான். பின்பக்கம்."

"இது?"

அவர் மூன்றாம் அட்டையை நெடுநேரம் பார்த்தார். "இதுவும் லாரி. கீழ ஒருத்தர் குனிஞ்சிருக்கார்."

அம்மையார் கையேட்டைப் புரட்டினார். 'வாகனம்' என்னும் தலைப்பின்கீழ், 'பயண விருப்பம்' என்று இருந்தது. 'குனிந்த மனிதர்' என்னும் தலைப்பின்கீழ், 'தோட்டக்கலை ஆர்வம்' என்று இருந்தது. இரண்டையும் கூட்டி, "ரொம்ப நாளா வெளியூர் எங்கயும் போகலையோ சார்?" என்று கனிவோடு வினவினார். "செடிகொடி இருக்கற இடமா ரெண்டு நாள் போயிட்டு வாங்க. மனசு லேசாகும்." எஞ்சிய ஏழு அட்டைகளையும் அவர் காட்டவில்லை. மூன்று முறை ஒரே விடை வந்தால் போதும் என்று கையேட்டில் இருந்தது.

நான்காம் அமர்வில்தான் ஒரு சிறு ஒழுங்கீனம் நிகழ்ந்தது. அன்று கொடுக்கப்பட்ட தாளில் பாதி வாக்கியங்கள் அச்சிடப்பட்டிருந்தன; மீதியை அவர் நிரப்ப வேண்டும். 'என் தந்தை ______.' 'எனக்கு மிகவும் பிடித்த நிறம் ______.' 'என்னை உறங்கவிடாமல் செய்வது ______.'

முதலிரண்டையும் நிரப்பிவிட்டு மூன்றாவதில் அவர் எழுதத் தொடங்கினார். கோட்டின் இறுதி வந்தது, அவர் நிறுத்தவில்லை. ஓரத்தில் எழுதினார்; தாளைச் சாய்த்து மேல் விளிம்பில் எழுதினார்; திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினார். பதினொரு லாரிகளையும், ஒலியையும், பச்சைப் பொத்தானையும், சன்னலில் தெரியாத நிதானத்தையும், அன்று காலை நிதானம் தம் சோற்றுப் பாத்திரத்தை அவரது சிற்றறையில் வைத்து, 'மத்தியானம் ஒண்ணா சாப்பிடலாம்' என்று சொல்லிப் போனதையும், அப்பாத்திரம் இன்னும் தம் மேசைக்கு அடியிலேயே கழுவி வைத்திருப்பதையும் எழுதினார். பென்சில் முனை மழுங்கியது. அந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவருக்கு மூச்சு ஆழமாக வந்தது.

தாளை நீட்டினார். அம்மையார் அதைப் படிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஓர் அடிக்கோலை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"என்ன சார் இது? வாக்கியத்தை முடிக்கத்தானே சொன்னோம்? தொடங்கச் சொல்லலையே."

"அவ்வளவும் ஒரே வாக்கியம்தான் மேடம்."

"மூணு வார்த்தைக்கு மேல போனா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. இது கழிவுத் தாள். வேற தரேன், சுருக்கமா எழுதுங்க."

அவர் புதுத் தாளை வாங்கி, 'லாரி ஒலிப்பான் சத்தம்' என்று எழுதினார்.

"அருமை," என்றார் அம்மையார். "பாருங்க, முடியுது இல்ல?"

"அந்தப் பழைய தாளை நான் எடுத்துக்கலாமா?"

"கழிவுதானே சார். எடுத்துக்குங்க."

எடைமேடைக்காரர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் அமர்வில், பேச இன்றாவது நேரம் கிடைக்குமா என்று அவர் அறைக்குள் நுழையும்போதே கேட்டுவிட்டார். அதற்கென்றே ஓர் அளவுகோல் இருந்தது. ஒருவர் ஆலோசனை பெறத் தகுதியான நிலையில் உள்ளாரா என்று அறியும் ஆலோசனைத் தகுதி அளவுகோல் அது. முப்பத்தாறு கேள்விகளின் முடிவில், 'பேச்சு வேட்கை: மிகை. ஆலோசனைக்கு ஏற்ற மனநிலை இல்லை' என்று வந்தது.

"பேசணும்னு இவ்வளவு ஆசை இருக்கறவங்ககிட்ட பேச்சுக் குடுக்கறது ஆபத்து சார். முதல்ல அந்த ஆசை அடங்கணும்," என்று அம்மையார் பரிவோடு விளக்கினார். "அடுத்த வாரம் கடைசி அமர்வு. முதல் நாள் குடுத்த அதே இருபத்தொரு கேள்வி. எவ்வளவு குணமாயிருக்குன்னு பார்த்துடலாம்."

"எதுல மேடம் குணம்?"

"ஆலோசனையிலதான்."

அன்று கூடத்தில் தையற்காரர் அவர் முகத்தைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொண்டார். "அண்ணே, கடைசித் தடவைதானே? சான்றிதழ் வேணுமா வேணாமா? அப்ப எல்லாத்துக்கும் ஒண்ணு போடுங்க. நடுவுல ஏழு பூஜ்யம் தூவுங்க. பதினாலு வரும். பதினாலுக்குத்தான் அவங்க உடனே கையெழுத்துப் போடுவாங்க. பதிமூணுன்னா சந்தேகப்படுவாங்க."

ஆறாம் அமர்வில் அவர் அவ்வாறே செய்தார். கூட்டுத்தொகை பதினான்கு வந்தது. அம்மையார் எழுந்து நின்று கைகுலுக்கினார். வழவழப்பான தாளில் அச்சான வரைபடம் ஒன்றை அவர்முன் வைத்தார். இடப்பக்கம் முப்பத்தொன்று என்று ஓர் உயரமான தூண்; வலப்பக்கம் பதினான்கு என்று ஒரு குட்டைத் தூண். கீழே, 'மையத்தின் ஆலோசனையால் என் துயரம் பதினேழு புள்ளி குறைந்தது என உறுதி கூறுகிறேன்' என்ற வாசகமும் கையெழுத்துக்கு இடமும் இருந்தன.

எடைமேடைக்காரர் பேனாவை எடுத்தார். தூண்கள் இரண்டையும் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது.

"மேடம், இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"ஏன் சார்?"

"உள்ள போகும்போது முப்பத்தொண்ணு, வெளிய வரும்போது பதினாலு. நடுவுல எதையும் இறக்கலையே? எங்க ஆலையில இப்படி ஒரு வண்டி வந்தா, லோடு இறக்காமலே எடை குறைஞ்சிருந்தா, ஒண்ணு மேடை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், இல்ல வழியில எவனோ களவாடிட்டான்னு அர்த்தம். கேட்டை மூடிடுவோம். வண்டியை வெளிய விடமாட்டோம்."

மையத்தின் வரலாற்றில் எவரும் குணமடைந்ததை மறுத்ததில்லை. அம்மையார் நடுங்கிப்போய் அவரை இயக்குநரிடம் அழைத்துச் சென்றார்.

இயக்குநர் பண்பட்ட மனிதர். அவர் மேசைமேல் வெண்கலத்தில் வார்த்த மூளை ஒன்று தாள்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது. செய்தியைக் கேட்டு அவர் சினம் கொள்ளவில்லை, பேசினார்.

"உங்க கேள்வி எனக்குப் புரியுது. நானும் இளவயசுல அப்படித்தான் நினைச்சேன். அந்தக் காலத்துல ஆலோசனைன்னா என்ன தெரியுமா? ஒருத்தர் வருவார், பேசுவார், நாங்க கேட்டுட்டே இருப்போம். ஒரு மணி நேரம்! சில பேர் ஒண்ணுமே பேசாம அழுதுட்டு மட்டும் போவாங்க. மறுவாரம் வந்து, நல்லா இருக்கேன்னுவாங்க. எவ்வளவு நல்லா இருக்கே, அதைச் சொல்லுன்னா சொல்லத் தெரியாது. மேலிடம் ஆண்டறிக்கை கேட்டா நான் என்னத்தை எழுதறது? 'அவர் அழுதார், பிறகு மூக்கைச் சிந்தினார்'னா? ஒரே வருஷத்துல நாற்பது பேர் குணமாகிப் போயிட்டாங்க. ஒருத்தருக்கும் ஆதாரம் இல்ல. எவ்வளவு பெரிய அவமானம்! இப்ப பாருங்க. ஒரு நாளைக்கு அறுபது பேரை அளக்கறோம். பேச்சை நிறுத்தினதுக்கப்புறம் தான் இந்த மையம் வளர்ந்துச்சு."

"சார், பேசறதுக்குத்தான் நான் வந்தேன்."

"பேசினா அளவு கெட்டுடும். உங்க தொழில்லயே பாருங்க. லாரி மேடையில நிக்கும்போது டிரைவர் உள்ள குதிச்சிட்டிருந்தா எடை சரியா வருமா?"

"வராதுங்க."

"அதேதான்!"

இவ்வொப்புமை எடைமேடைக்காரருக்கு ஒரு கணம் நியாயமாகவே பட்டது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "சரிங்க சார். வண்டி ஆடாம நின்னுச்சு, எடையும் போட்டாச்சு. லோடை எங்க இறக்கினீங்க?"

இயக்குநர் புன்னகை செய்தார். வரைபடத்தைச் சுட்டினார். "முதல் எடைக்கும் ரெண்டாவது எடைக்கும் வேறுபாடு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"வேறுபாடு இருந்தா இறக்கியாச்சுன்னுதானே அர்த்தம்? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

எடைமேடைக்காரர் தூண்கள் இரண்டையும் மறுபடி பார்த்தார். இயக்குநர் அதை உடன்பாடாகக் கொண்டு தொடர்ந்தார். "இல்ல, கையெழுத்துப் போட மாட்டேன்னா அதுக்கும் எங்ககிட்ட ஒரு அளவுகோல் இருக்கு. குணமடைதல் மறுப்பு அளவுகோல். எண்பது கேள்வி. மறுபடி முதல்லேருந்து ஆறு அமர்வு. உங்க இஷ்டம்."

ஆலையில் வேறோர் ஆளை நியமிக்க மேலாளர் வைத்த கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்களே இருந்தன. எடைமேடைக்காரர் பேனாவை மீண்டும் எடுத்தார். வரைபடத்தின் கீழே 'குறிப்பு' என்று ஒரு சிறு இடம் விட்டிருந்தது. முறைகேடான வண்டிகளின் சீட்டில் எவ்வாறு எழுதுவாரோ அவ்வாறே, திருத்தமான கையெழுத்தில், 'எடை வேறுபாடு பதினேழு. லோடு இறக்கப்படவில்லை. மேடையைச் சோதிக்கவும்' என்று எழுதி, அதன் கீழே ஒப்பமிட்டார்.

இயக்குநர் ஒப்பத்தை மட்டும் பார்த்தார். முத்திரை விழுந்தது. சான்றிதழ் வந்தது. அதில், 'அன்னாரது மனத்தில் எச்சம் எதுவுமில்லை. பச்சை, சிவப்பு ஆகிய இரு பொத்தான்களையும் இயக்கத் தகுதியுடையவர்' என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. குறிப்பு எழுதப்பட்ட படிவங்கள் யாவும் 'வாடிக்கையாளர் பாராட்டு' என்னும் கோப்பில் சேர்க்கப்படுவது மையத்தின் வழக்கம். அவருடையதும் அங்கே சேர்க்கப்பட்டது. அவ்வாண்டறிக்கையில் பாராட்டுகளின் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

கூடத்தைக் கடக்கும்போது தையற்காரர், "பதினாலா?" என்று கண்ணால் கேட்டார். அவர் தலையசைத்தார். "பாத்தீங்களா!" என்று அவ்வம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதற்குள் அவ்வம்மாளின் பெயரை உள்ளிருந்து அழைத்தார்கள். பத்தொன்பதை நிலைநிறுத்த எழுந்து போனார்.

மேலாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. "வாங்கியாச்சா? நல்லது. நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க. பதினஞ்சு வண்டி நிக்குது."

எடைமேடைக்காரர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி வலக்கைச் சுட்டுவிரலை நீட்டிக் காற்றில் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தார். விரல் பாதியில் நின்றது. சான்றிதழை எடுத்துப் படித்துவிட்டு மீண்டும் அழுத்திப் பார்த்தார். அதே இடத்தில்தான் நின்றது. வீட்டுக்குச் செல்லும் பேருந்து வந்தது, போயிற்று. பின்னால் வந்த, வேறு திசையில் செல்லும் பேருந்தில் அவர் ஏறினார்.

நிதானத்தின் மனைவி குடியிருப்புக் கட்டடமொன்றின் படிக்கட்டுக்கு அடியில் இருந்த இடத்தில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இருபுறமும் துணி மூட்டைகள்; வீட்டு எண் எழுதிய சீட்டுகள் அவற்றில் குத்தப்பட்டிருந்தன. அவரைக் கண்டும் அவ்வம்மாளின் கை நிற்கவில்லை.

"வாங்கண்ணே. இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"வேலை..." என்று தொடங்கிய எடைமேடைக்காரர் நிறுத்திக்கொண்டார். "வேலை இல்லம்மா. வரப் பயமா இருந்துச்சு."

"எங்கிட்டயா? நான் என்ன கடிச்சா திம்பேன்?" அவர் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டார். "அவரு சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் வரல. ஆலையில கேட்டா யாருக்கும் தெரியல."

"எங்கிட்டதான் இருக்கு. கழுவி வெச்சிருக்கேன்." அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். "இதைப் படிம்மா. இதுல எல்லாம் எழுதியிருக்கேன்."

அவ்வம்மாள் தாளை வாங்கவில்லை. அதைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பிரேக் இல்லையா?"

"இல்லம்மா."

படிக்கட்டின் மேலே யாரோ இறங்கி வரும் காலடியோசை கேட்டது. "அக்கா, என் துணி ரெடியா?" என்றது ஒரு குரல்.

"நாளைக்கு வாங்க," என்றார் அவ்வம்மாள், மேலே பாராமலே. குனிந்து சுவரிலிருந்து மின்செருகியைப் பிடுங்கினார். ஒரு துணி மூட்டையைக் காலால் தள்ளி இடம் செய்தார்.

"காயிதமெல்லாம் வேணாம். வாயால சொல்லுங்க. அன்னிக்குக் காலையில அவரு உங்க ரூமுக்கு வந்ததுலேருந்து, ஒண்ணு விடாம. சொல்லி முடிச்சதும் எழுந்து போயிடுங்க. திரும்ப இந்தப் பக்கம் வரலாமா வேணாமான்னு நான் சொல்லியனுப்பறேன்."

எடைமேடைக்காரர் மூட்டையின் மேல் அமர்ந்தார்.

"பச்சையை நான்தான் போட்டேன்," என்றார்.

"காலையிலேருந்துன்னு சொன்னேன்," என்றார் அவ்வம்மாள்.